புளியில் ஊறிய கோதுகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று செவன் கிங்ஸில் சொந்த வீடு, சொந்தக் கடை. எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் தோட்டாக் கோது என்றால் வெள்ளைக்காரர்களும் என்னைத்தான் தேடி வருவார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைக் கழுவி, ஒரே நீளத்துக்கு வெட்டி, நகைத் தராசில் நிறுத்து, கழுத்தை நெருப்பில் பதமாக்கி, மறுபடி மருந்து போட்டுச் சுடுவதற்குக் கொடுப்பேன். கோதுகள் ஒன்றுபோல் இருந்தால்தான் குண்டுகளும் ஒரே இடத்தில் போய்ப் படும்.

கழுவுவதற்கு மற்றவர்கள் கடையில் ஏதோ திரவம் வாங்குவார்கள். எனக்கெதற்கு அது? பித்தளைக்குப் புளி போதாதா?

"குத்துவிளக்கை ஒருநாளாவது மினுக்கித் தந்திருப்பியளே? இதுக்கெண்டா மட்டும் புளி கரைக்கிறியள்" என்பாள் மனைவி.

கழகத்தில் இன்னொரு தமிழர், ஹவுன்ஸ்லோவில் இருக்கும் தமிழ்நாட்டு டொக்டர். போன கோடையில் போட்டிக்கென்று தன் கோதுகளை என்னிடம் தந்தார். வெடிமருந்தும் குண்டும் அவரே வீட்டில் போட்டுக்கொள்வார். கொஞ்ச நேரம் ஊறினால் போதும் என்று புளியில் போட்டுவிட்டு, ரெய்னர்ஸ் லேனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன். அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால், மஞ்சள் போய்ச் செம்புபோலச் சிவந்திருந்தது. உப்புப் போட்ட புளி, பித்தளையை அரித்துவிட்டது. இனி இது வெடியின் அமுக்கத்தைத் தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் "நான் பழுதாக்கின கோது ஒண்டு இருந்தாக் காட்டுங்கோ பாப்பம்" என்று கழகம் முழுக்கச் சவால் விட்டவனும் நான்தானே. மினுக்கும் இயந்திரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுச் சிவப்பை மறைத்தேன். கொடுத்தும் விட்டேன்.

போட்டிக்கு முந்திய வாரம் அவர் சுட்டுப் பழகும்போது பின்னால் நின்றேன். துப்பாக்கிக் கட்டையில் அவர் கன்னம் பதியும்போதெல்லாம் என் கண் தானாக மூடிக்கொண்டது.

"ஐயா! எல்லாம் ஒரே ஓட்டை! ஒரு பென்ஸ் காசால மறைச்சிடலாம். கையா அது உங்களுக்கு?" என்று இலக்கைக் காட்டினார் டொக்டர்.

அந்த நிலையிலும் எனக்குப் பெருமையில் புளுகம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

அடுத்த கோது என் காலடியில் விழுந்தது. சுடச்சுட எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. இன்னொன்று முழுதாக வெடித்தால் நெருப்பும் புகையும் அவர் முகத்துக்குத்தான் வரும்.

"டொக்டர், நிப்பாட்டுங்கோ! கையை எடுங்கோ! இனி ஒண்டும் சுடாதேங்கோ!"

வெடிப்பைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. "நான்தான் மருந்தை அதிகமா போட்டுட்டேனா ஐயா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"இருக்கும் டொக்டர். கவனமா இருக்கோணும்" என்றேன்.

மிச்சக் கோதுகளை வாங்கி வந்து நசுக்கிக் குப்பையில் போட்டேன். அவர் போட்டிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கழகத்துக்கும் வரவில்லை. நான் போன் எடுத்துக் கூப்பிட்டால், "என் கையை நானே நம்ப முடியலைங்கய்யா. நீங்க பார்க்கலேன்னா அன்னிக்கு என் கண்ணு போயிருக்கும்" என்கிறார்.

"ஓம் டொக்டர், ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன்.