டைரிக்குள் இருந்த பெயர்

எதிரே இருப்பவர் விரித்த செய்தித்தாளை அவர் தலைகீழாகவே படித்துவிடுவார். "பக்கத்தத் திருப்புங்க சார், நான் முடிச்சிட்டேன்" என்பார். முப்பது வருடமாக அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கவிழ்த்துப் பார்த்துக் கோத்த பழக்கம். எங்கள் தெருவுக்கே அவர் ஈயக்கா. கட்டியவர்கூடக் கோபம் வந்தால்தான் சொந்தப் பெயரைச் சொல்வார்.

அச்சு மை படிந்த கையால் தேநீர்க் குவளையைப் பிடிக்கமாட்டார். இரு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக் குடிப்பார். எந்தத் தாள் வந்தாலும் படிப்பது அப்புறம்தான். முதலில் ஓரங்களை விரலால் அளப்பார்.

நாட்டின் விடுதலை அறிக்கையை வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பெண் அச்சடித்தாள். அதே மாதிரி நூறு படிகள் அருங்காட்சியகத்துக்கு வேண்டுமாம். எழுத்து மட்டும் தெரியும் ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஈயக்கா நாலு நாளில் கோத்து முடித்திருந்தார். சரிபார்க்க அசல் தாளோடும் மாதிரிக்கு ஒரு ஃபிரேமோடும் வந்தார் அருங்காட்சியக அதிகாரி. ஈயக்கா கை கழுவித் துடைத்து, தாளை அளந்தார்.

"மேல நாலு விரக்கட ஓரம், கீழ ஒண்ணுதான். வேலை தெரிஞ்சவ இப்படி விடமாட்டாளே. யாரு சார் வெட்டினா?"

"நாங்கதான். ஃபிரேமுக்குள்ள அடங்கல" என்றார் அவர், சர்வசாதாரணமாக. "அடியில ஒரே ஒரு வரி, அச்சடிச்சவங்க பேரு. விஷயமெல்லாம் மேலயே இருக்கே." டைரியைத் திறந்து, பக்க அடையாளத்துக்குச் செருகியிருந்த பழுப்புத் துண்டை நீட்டினார். "தூக்கிப்போட மனசு வரல."

பக்கத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்டியதும் இல்லாமல் பத்திரமாக வேறு வைத்திருக்கிறார், மனிதர்! ஈயக்கா துண்டை வாங்கி, தாளின் அடியில் பொருத்திப் படித்தார்.

"சார்... இத எழுதினவங்க ஒருத்தரும் பேரு போடல. மாட்டினா தூக்குன்னு பயம். பேரையும் தெருவையும் போட்டது இவ ஒருத்திதான். அதையா வெட்டினீங்க?"

"சரிம்மா, ஆனா நூறு ஃபிரேமும் செஞ்சாச்சு. அந்த வரி வேண்டாம். முடியாதுன்னா சொல்லுங்க, வேற அச்சகம் பாத்துக்கறேன்."

ஈயக்கா துண்டைப் பார்த்துப் பார்த்து அந்த வரியைக் கோத்தார். ஏற்கெனவே கோத்திருந்ததன் அடியில் சேர்த்து முடுக்கி, மை தடவி, ஒரு படி எடுத்தார். பிறகு அந்த மாதிரி ஃபிரேமைக் கவிழ்த்து வைத்து, கீழ்க் கட்டையைச் சுத்தியலால் ஒரே தட்டில் கழற்றினார். தாளை உள்ளே நுழைத்தார். பெயர் ஃபிரேமுக்குக் கீழே வெளியே வந்து நின்றது.

பழுப்புத் துண்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். கழன்ற கட்டையை அதிகாரியின் கையில் கொடுத்தார்.

"இத டைரியில வச்சுக்கோங்க சார்."