கொடிக்கயிற்றில் இரண்டு ஈயக்குண்டு

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில், எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறாள். சயின்ஸ் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவள். அவளை எனக்கு ஆகாது. காரணம் என் மகள்.

மகள் மெயின்லேண்டில் ஆராய்ச்சி செய்கிறாள். போன லீவில் வந்தவள் பாதி நேரம் டீச்சர் வீட்டில்தான் கிடந்தாள். இங்கிலீஷும் ஹிந்தியுமாகப் பேசிச் சிரிப்பார்கள். நான் கேட்டால், "அது ஒரு மெஷின்மா" என்பாள். எனக்கு அவ்வளவுதான். அந்த மெஷின் ஐஸை விட ரொம்பக் குளிரும் என்று மட்டும் தெரியும். ஆகவே மகள் ஃப்ரிட்ஜ் செய்கிறாள் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அது காதில் விழுந்து, டீச்சர் என் மகள் முன்னாலேயே சிரித்தாள். "அரே அக்கா, ஃப்ரிட்ஜா? பொண்ணு வேலையே உங்களுக்குத் தெரியலையா?"

மீன் விற்றுப் படிக்கவைத்தவள் நான். என் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்ல இவள் யார்?

மறுநாள் காலையில் மகளை விடவில்லை. "அவளுக்குப் புரியறது எனக்குப் புரியாதா? சொல்லுடி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவள் அப்பாவின் பழைய வலையிலிருந்து இரண்டு ஈயக்குண்டை அறுத்து, ஒவ்வொன்றையும் ஒரு துண்டுக் கயிற்றில் கட்டி, துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

"இந்தக் குண்டு எங்க மெஷின்ல இருக்கிற கம்பின்னு வச்சுக்கோ. அந்தக் குளிர்ல கரண்ட் தேயாம ஓடும். மைக்ரோவேவ் அலை உள்ளேயே ஆடிட்டு இருக்கும். மத்தது, கம்பிக்குப் பக்கத்துல வைக்கிற காந்தக் குண்டு. கடுகளவுதான்."

ஒன்றை ஆட்டினாள். மற்றது லேசாக அசைந்ததோடு சரி. அவள் முகம் வாடியது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ஒரு கயிறு நீளம்டி." அவிழ்த்து, சமமாகக் கட்டினேன். இப்போது முதல் குண்டின் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதுக்குப் போனது. முதலாவது அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஆட்டம் அதற்கே திரும்பி வந்தது.

மகள் கைதட்டினாள். "இதேதாம்மா! காந்தத்தோட ஆட்ட வேகத்தைக் கூட்டிக் குறைச்சு கம்பியோட ஒத்துப்போக வைக்கிறோம். ஒத்துட்டா ரெண்டும் இப்படித்தான் மாத்தி மாத்திக் கொடுத்துக்கும். இதுக்குத்தான் இத்தனை பாடு."

"இதை டீச்சருக்குக் காட்டினியா?"

"இல்ல, பேப்பர்ல எழுதித்தான் சொன்னேன். சாயங்காலம் வருவாங்கல்ல, காட்டணும்."

அவள் குளிக்கப் போனதும் குண்டுகளை அவிழ்த்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். டீச்சர் வந்தபோது கொடியில் என் சேலை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.