வழியில்லாத மனை

சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்குப் பாறையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷிப்டு தொடங்கியதும் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிக் கேட்போம். கணீரென்றால் வேலையைப் பார்க்கலாம். மொத்தென்றால் அங்கே நிற்கக் கூடாது. இந்தக் காதை நம்பித்தான் நான் மனை வாங்கக் கிளம்பினேன்.

வாங்கியே ஆக வேண்டியிருந்தது. நாங்கள் குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது. ரிடையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். எனக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருந்தது.

பங்காருபேட்டைப் பக்கம் ஒரு மனை விலைக்கு வருகிறது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன். அறுவடை முடிந்து சுற்றிலும் வெட்டவெளி. விற்பவர் ரோட்டிலிருந்து நேராக நடத்திக் கூட்டிப் போனார். மற்றவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களாம். நான் நாலு மூலையிலும் தட்டினேன். நாலும் கணீர்; அடியில் முழுப் பாறை. விற்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் திறமையில் மலைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதமே பத்திரம் முடிந்தது.

"அஸ்திவாரமே வேணாம், அப்படியே செவுரு எழுப்பலாம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அது சரிங்க. ரோட்லருந்து உள்ள போறதுக்கு வழி எங்க கீது?"

"வழி இன்னாத்துக்கு? சுத்தி எல்லாமே வழிதான்."

அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். வழியைப் பற்றி நான் என்றைக்குக் கவலைப்பட்டேன்? சுரங்கத்துக் கேஜில், அந்த இரும்புக் கூண்டில் ஏறி நின்றால் கம்பெனியே கீழே இறக்கிவிடும், கம்பெனியே மேலே ஏற்றிவிடும்.

மழை வந்த பிறகு பூமி பூஜை போட இருவரும் போனோம். வெட்டவெளியைக் காணோம். முழங்கால் உயரத்துக்குக் கேழ்வரகு நின்றது. என் மனை அதற்கு நட்ட நடுவில் இருந்தது. காலை வைத்தேன். அந்த நிலத்துக்காரர் கம்போடு வந்து தெலுங்கில் நிறுத்தினார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நிதானமாக, "மனை உங்களுதுதான், தாராளமா போங்க. என் பயிர மட்டும் மிதிக்காதீங்க" என்றார். பறந்துதான் போக வேண்டும்.

"நீங்க போயி அந்த மரத்தடியில உக்காருங்க" என்றாள் மனைவி. தேங்காய்ப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நிலத்துக்காரரின் மனைவியோடு சேர்ந்து களை பிடுங்க ஆரம்பித்தாள். அவளுடைய தெலுங்கு என்னுடையதைப் போலச் சண்டைக்கு மட்டும் உதவுகிற தெலுங்கு அல்ல. நான் தூங்கிவிட்டேன். எழுப்பியபோது காரியம் முடிந்திருந்தது. கேழ்வரகு அடிக்க அவர்களுக்குக் களம் இல்லை. வருஷா வருஷம் யாரிடமாவது போய்க் கெஞ்ச வேண்டுமாம். களத்துக்கு என் பாறையை எடுத்துக்கொண்டு, ரோட்டோரத்தில் கொஞ்சம் சின்னதாக ஒரு துண்டு நிலம் தருகிறார்களாம்.

"பாறையக் கண்டுபிடிச்சது நான்தானே" என்றேன்.

"ஆமாங்க. அத ஆரும் இல்லேங்கலியே."

தரைக்குக் கீழே என்னை ஒருவனும் ஏமாற்ற முடியாது, தரைக்கு மேலே எவன் வேண்டுமானாலும் ஏமாற்றலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மாற்றுப் பத்திரம் எழுதும் நாளில் யார் பேரில் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் பெயரைச் சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பஸ் ஏறும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"நான் ரிடையர் ஆயி வந்து இருக்கப்போற வூடு. என் பேர்ல இருந்தா இன்னா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்: "நம்ம லைன்ல மூணாவது வூட்டுக்காரிய எப்ப காலி பண்ணச் சொன்னாங்க?"

அந்த வீட்டுக்காரர் ரிடையர் ஆகவில்லை. ஒரு காலை ஷிப்டுக்கு இறங்கியவர்மேல் பாறை சரிந்துவிட்டது. கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அந்தப் பெண் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நான் ஏழெட்டு வருஷம் இருக்கிறதென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.