முதுகுப்பக்க முடிச்சு

கிணற்றில் ஆள் விழுந்துவிட்டது என்றால் எங்கள் பக்கத்தில் முதல் போன் போலீசுக்குப் போகும், இரண்டாவது ஆரோக்கியக்காவுக்கு வரும். தீயணைப்பு வண்டி மண்பாதையில் திணறி வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அவர் வேலையை முடித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்பார்.

முழுப் பெயர் ஆரோக்கியம்மாள். வயது ஐம்பத்து நான்கு. முடியை ஆண்களைப்போல ஒட்ட வெட்டியிருப்பார். ஒருமுறை தண்ணீருக்கடியில் மோட்டார் குழாயில் சடை சிக்கிக்கொண்டதாம். மூச்சு முட்டுகிற நேரத்தில் பிய்த்துக்கொண்டு மேலே வந்தவர், அன்று சாயங்காலமே வெட்டிவிட்டார். இறங்கும்போது காக்கி அரைக்கால் சட்டையும் தன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்வார். மற்ற நேரத்தில் சேலை.

அப்பா கிணறு வெட்டுகிறவர். அவரோடு போய்ப் போய்ப் பாறை இடுக்கு, ஊற்றுக்கண், சேறு எல்லாம் அக்காவுக்குக் கைப்பாடமானது. கட்டிக்கொடுத்த வீட்டில் பதினோரு மாதம் இருந்துவிட்டு ஒருநாள் காலை பஸ் ஏறி வந்துவிட்டார். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம், "அங்கிட்டு ஒரு கெணறுகூட இல்ல" என்று சொன்னாராம். வேறு காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கிணற்றுமேட்டில் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிற ஆட்கள், கடைவீதியில் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் பத்திரிகை வராது. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், அவருக்கு மட்டும் பேப்பர் கப்.

"ஏண்டா, எனக்கு மட்டும் தூக்கிப் போடுற கப்பு?"

"சுத்தம்க்கா. அதான் நல்லது."

"ஒருநா ஒன்னையும் நாந்தாண்டா தூக்கணும். அன்னைக்குச் சுத்தம் பாத்துக்கிட்டு கரையிலயே நிக்கவா?"

கடைக்காரர் சிரிப்பார். ஆனால் மறுநாளும் பேப்பர் கப்தான்.

நான் கும்பகோணத்தில் ஓவியம் படித்தபோது, விடுமுறையில் குடுமியான்மலைக்குத் தூண் சிற்பங்களை வரையப் போனேன். வழியில் ஒரு கிணற்றைச் சுற்றிக் கூட்டம். பக்கத்தில் போய், கரையில் கிடத்தியிருந்த ஆளை வரைய ஆரம்பித்தேன். ஈரச்சட்டையோடு வந்த ஒரு பெண்மணி என் நோட்டைக் கையால் மூடினார்.

"செத்தவுகள வரையாத. வேணாம்னு சொல்ல அவுகளுக்கு வாய் இல்ல. என்னைய வரை. புடிக்கலன்னா நான் கிழிச்சுப் போடுவேன்."

சொன்னபடி இரண்டு படங்களைக் கிழித்தும் போட்டார். ஒன்றில் அவரை நான் ஆங்காரமாக வரைந்திருந்தேன். "ஏத்தா படக்காரி, நான் என்ன கோயில்ல நிக்கிற சிலையா? நாக்குத்தான் வெளிய வரல" என்றார். பிறகு நான் அவர் முகத்தை விட்டுவிட்டு, கைகளை மட்டும் வரையத் தொடங்கினேன். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த விரல்நுனிகள். பாறை கிழித்த கோடுகள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். கிழிக்கவும் மாட்டார்.

ஒரு மத்தியானம் கண்மாய்க் கரையில் மீன் அரிந்துகொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பிள்ளையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் விழுகிற தாய்மார் உண்டு. அப்படியே மேலே கொண்டுவந்தால், பிள்ளையைக் கொன்றவள் என்று போலீஸ் எழுதும். புகுந்த வீட்டார் பிணத்தை வாசலில் ஏற்ற மாட்டார்கள். தாயும் பிள்ளையும் வேறு வேறு குழிக்குப் போவார்கள். அதனால் தண்ணீருக்குள்ளேயே முடிச்சை அவிழ்த்து, துணியைச் சேற்றில் விட்டுவிட்டு, தாயை முதலிலும் பிள்ளையை அடுத்தும் தூக்குவார்.

"புள்ள வழுக்கி விழுந்துச்சு, காப்பாத்தப் போயி தாயும் விழுந்துட்டான்னு சொல்லிக்குவாக. அம்புட்டுத்தான். அந்த முடிச்ச எவனும் பாக்க வேணாம்."

"எத்தனை அவுத்திருப்பீங்க?"

"பதினொன்னு. இப்பல்லாம் நெனைக்கிறதுக்கு முந்தியே கை போயிருது."

படிப்பு முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன். பரோடா, ஸ்பிதி, பிறகு ஜார்ஜியா, போர்ச்சுகல். ஆறு மாதத்துக்குமேல் ஓரிடத்தில் தங்க என்னால் முடியாது. போன இடமெல்லாம் மலையையும் கடலையும் பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பி ஆரோக்கியக்காவின் கைகளை வரைந்தேன். முடிச்சை அவிழ்க்கும் கைகள் மட்டும் முப்பது படங்கள். லிஸ்பனில் ஒரு சின்னக் கண்காட்சியில் அவற்றை வைத்தபோது, பிரசவம் பார்ப்பவரின் கைகளா என்று ஓர் அம்மாள் கேட்டார். நான் கதையைச் சொன்னேன். அவர் கண் கலங்கினார். அதன்பிறகு கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் கண் கலங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்து வருடம் கழித்து இந்தச் சித்திரையில் ஊர் திரும்பினேன். அக்காவுக்கு ஒரு காது முழுதாகக் கேட்காமல் போயிருந்தது. "வா படக்காரி. நாடு நாடாப் போயும் எளைச்சுத்தான் வந்துருக்க" என்று சத்தமாகச் சொன்னார்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. தரிசு நிலத்தில், யாரும் இறைக்காத கிணறு. இருபத்து நான்கு வயது மோகனப்ரியாவும் அவளுடைய இரண்டு வயது மகளும். கணவன் சந்தோஷ்குமார் குவைத்திலிருந்து லீவில் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கரையில் விழுந்து புரண்டுகொண்டிருந்த அவனை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். ஏட்டு அருள்மணி கூட்டத்தை விலக்கினார். அக்கா இறங்கினார்.

முதலில் தாய் வந்தாள். சந்தோஷ்குமாரின் அழுகை ஒரு கணம் நின்றது. அவன் பார்வை அவள் நெஞ்சுக்குப் போனது. பிறகு முன்னைவிட உரக்க அழுதான். அடுத்து குழந்தை வந்தது. கிளம்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கக்கா" என்றான். அந்த ஒரு கணத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வழக்கமாக மேலே வந்ததும் அக்கா சோப்புப் போட்டுக் குளிப்பார், டீக்கடைக்குப் போய் நான்கு வடை தின்பார். அன்று இடிந்த மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஈரத்தோடு உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"முடிச்சு முதுகுப்பக்கம் இருந்துச்சுத்தா."

எனக்கு விளங்கவில்லை. அவர் என் துப்பட்டாவை உருவி, தண்ணீர் கேன் ஒன்றை என் நெஞ்சில் வைத்துச் சுற்றி, இரண்டு முனைகளையும் என் கையில் கொடுத்தார்.

"கட்டு. இடுப்புல இல்ல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல. இறுக்கி."

கட்டிப் பார்த்தேன். ஒரு கையால் கேனைப் பிடித்தால் மறு கை எட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனால் கேன் நழுவி விழுந்தது. மூன்று முறை விழுந்தது.

"பெத்தவ கட்டுனா முன்னாடி இருக்கும், இல்ல விலாவுல இருக்கும். சேலைத் தலைப்பால கட்டுவா. இது ஆம்பளத் துண்டு. வண்டியில மூட்டை கட்டுவாய்ங்கல்ல, அந்த முடிச்சு. நான் அவுத்துட்டேன். அவுத்த பெறகுதான், எங்கன அவுத்தேன்னு புத்திக்கு எட்டுச்சு."

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் அதே கிணற்றில் இறங்கினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றேன். நான்கு முறை முங்கினார். நான்காவது முறை காதில் ரத்தம் வழிய, கையில் சேறு படிந்த ஒரு துண்டோடு வந்தார். விரித்துப் பார்த்தோம். ஊரில் எல்லா ஆண்களின் தோளிலும் கிடக்கிற கட்டம் போட்ட துண்டு.

"முடிச்சு இருந்தாத்தான் இது சாட்சி. இப்ப வெறும் துண்டு" என்றார்.

முடிச்சு எப்படி இருந்தது என்று அவர் விரலால் காட்டக் காட்ட நான் வரைந்தேன். பதினாறாவது தாளில் சரி என்றார். துண்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். அருள்மணி முழுவதையும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆரோக்கியம், இத நான் எழுதுனா மொத கேசு ஒங்க மேலதான். சாட்சியத்தக் கலைச்சதா வரும்."

"வரட்டும். எழுதுங்க ஏட்டய்யா."

"தண்ணிக்குள்ள எதுக்கு அவுத்தீங்கன்னு கேப்பாங்க."

"எப்பவும் அவுக்குறதுதான்னு சொல்லுவேன்."

"எப்பவும்னா யார் யாருக்குன்னு கேப்பாங்கல்ல? ஒவ்வொரு பேரா எடுப்பாங்க. பழைய பைலெல்லாம் மேசைக்கு வரும். வழுக்கி விழுந்தான்னு நான் எழுதுன அத்தன பேரும் இப்பக் கொலைகாரியாவா. அவுகவுக வீட்டுல புள்ளைங்க வளந்து நிக்கிது. ஒரு புள்ள காலேஜு போகுது."

அருள்மணி குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இடுப்புல துணி இறுகுன தடம் தெரியாமலா பதினஞ்சு வருசமா அறிக்கை எழுதுறேன்?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

"அப்ப இந்தப் பேரையும் சொல்லாதீங்க. வீட்டுக்குப் போங்க."

படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

மிச்சமிருந்தவர் மோகனப்ரியாவின் அப்பா குழந்தைசாமி. கறம்பக்குடிப் பக்கம் கடலை விவசாயம். தகப்பன் புகார் கொடுத்தால் போலீஸ் தட்ட முடியாது, பழைய பெயர்களைத் தொடாமல் இந்த ஒரு வழக்கை மட்டும் எப்படியாவது நிற்கவைக்கலாம் என்று அக்கா நம்பினார். இரண்டு பஸ் மாறிப் போனோம். கருமாதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் அக்காவைக் கண்டதும் காலில் விழப் போனார்.

"எம்மக மானத்தோட வந்துச்சு தாயி. புள்ளயக் காப்பாத்தப் போயி விழுந்தவன்னு ஊரே சொல்லுது."

அக்கா சொன்னார். முடிச்சு, துண்டு, முதுகு, எல்லாவற்றையும். உள்ளே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க சொல்றது சத்தியமாத்தான் இருக்கும். போன்ல அழுவா. பணத்துக்கு அழுகுறான்னு நெனச்சேன்." தோளில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்தார். "ஆனா தாயி, முடிச்சு இருந்துச்சுன்னு நான் வாயத் தொறந்தா, சனத்துக்கு என்ன கேக்கும்? முடிச்சுங்கிறது மட்டுந்தான் கேக்கும். முதுகுப்பக்கம்னு நான் எத்தன பேருக்கு வெளக்குறது? புள்ளயக் கட்டிக்கிட்டுக் குதிச்சான்னு ஆயிரும். அவன் அதையேதான் சொல்லுவான்."

"கோர்ட்டுல நான் வந்து சொல்லுறேங்க."

"அவுத்தவ நீங்க. ஒங்கள எவன் நம்புவான்?" அவர் குரலில் கோபம் இல்லை. "எம்மவ வழுக்கி விழுந்தவளாவே இருக்கட்டும். இன்னொருக்காச் சாகடிக்க வேணாம்."

திரும்பும் வழியில், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அக்கா சொன்னார்.

"அவன் கட்டுனது தற்கொலையாத் தெரியணும்னு. நான் அவுத்து, அதவிட நல்லதாப் பண்ணிக் குடுத்துட்டேன்."

அந்த முப்பது படங்களையும் காட்டிக் கண் கலங்க வைத்தவள் நான். துணி சேற்றில் போனால் அதோடு வேறென்ன போகும் என்று, போன நாடுகளில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சந்தோஷ்குமார் லீவு முடிந்து குவைத்துக்குப் போய்விட்டான்.

ஆடி பிறந்து பத்து நாளில் அன்னவாசல் பக்கத்திலிருந்து போன் வந்தது. ஒரு தாய், எட்டு மாதக் கைக்குழந்தை. அக்கா வர மாட்டார் என்று நினைத்தேன். காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

காலை பதினோரு மணி வெயில். கிணற்றைச் சுற்றி நூறு பேராவது இருக்கும். இறங்கிய அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் மேலே வந்தார். அவர் தோளில் இரண்டு உடல்களும் ஒன்றாக இருந்தன. குழந்தை தாயின் வயிற்றோடு சேலைத் தலைப்பால் கட்டப்பட்டிருந்தது. இடது விலாவில் இரட்டை முடிச்சு.

கூட்டத்தில் ஒருவர் தொடங்கினார். "அடிப் பாவி, கட்டிக்கிட்டுல்ல குதிச்சிருக்கா." அந்தச் சொல் பின்வரிசை வரைக்கும் போனது. புகுந்த வீட்டு ஆள் ஒருவர் உடலில் போர்த்தக் கொண்டுவந்த புதுத்துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.

இறந்தவளின் தாய் விழுந்தடித்து ஓடிவந்தார். மகளைத் தொடவில்லை. அக்காவின் ஈரச்சட்டையைப் பிடித்து, கன்னத்தில் மாறி மாறி அறைந்தார்.

"ஒனக்குக் கை இல்லையாடி? இத அவுத்துட்டுத் தூக்கக் கூடாதாடி? நீ அவுப்பன்னு சொன்னாகளேடி!"

அப்போதுதான் தெரிந்தது, ஊருக்கும் இது தெரிந்தே இருந்திருக்கிறது.

அக்கா தடுக்கவில்லை. அறைந்த கை ஓய்ந்ததும் அருள்மணியிடம் போனார். வலது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"ஏட்டய்யா, எந்தப் பக்கம்னு எழுதுங்க."

"எழுதுறேன் ஆரோக்கியம். நீங்க அங்கிட்டு உக்காருங்க."

"இப்பவே எழுதுங்க. நான் நிக்கிறேன்."

அவர் ஜீப் பானெட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். முடிச்சு முன்பக்கம், இடது விலா அருகே காணப்பட்டது என்று இருந்தது. கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு மறு காதைக் காட்டினார். இன்னொரு முறை, உரக்க வாசித்தேன்.

"சரி" என்றார்.

அந்தத் தாய் தரையில் உட்கார்ந்து, நனைந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்கள் அவரை இழுத்துப் பிடித்தார்கள்.