மாந்தோப்பில் இறங்கிய கடல் படகு

எங்கள் புது ரப்பர் படகு ஒருவழியாகத் தண்ணீரில் இறங்கிவிட்டது. தூத்துக்குடிக் கடலில் இறங்க வேண்டியது... ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் இறங்கியது!

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் முருகேசன் நேவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். வீடு ராஜபாளையத்தில், மனசு மட்டும் கடலில். தூத்துக்குடியில் இருக்கும் பழைய சகா ஒருவரோடு சேர்ந்து செகண்ட் ஹேண்டில் ஒரு பாய்மரப் படகு வாங்கினார். அது கரை வரைக்கும் வராது; ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அதில் போய் ஏறுவதற்கு, காற்றடைத்த சின்ன ரப்பர் படகு ஒன்று வேண்டும். டிங்கி என்பார்கள்.

முதல் டிங்கியை ஆன்லைனில் வாங்கினார். ஒரு கோடைதான் தாங்கியது. வெயிலில் பசை விட்டுப்போய், பாதி வழியில் புஸ்ஸென்று அடங்கிவிட்டது. அவரும் அந்தச் சகாவும் லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் நீந்திக் கரை சேர்ந்தார்கள். கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

“அடுத்த டிங்கிய நான்தான் செலக்ட் பண்ணுவேன்” என்றேன்.

“படகப் பத்தி ஒனக்கு என்னட்டி தெரியும்?”

“முங்குதா, முங்கலையான்னு தெரியும்ல?”

மிக்ஸி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். படகை விடுவேனா? கொச்சிக்கும் சென்னைக்கும் போன் போட்டு, கடைக்காரர்களைக் கேள்வியால் துளைத்தேன். பி.வி.சி. பிளாஸ்டிக்கில் செய்தால் விலை குறைவு, எடையும் குறைவு — ஆனால் வருஷக்கணக்காக வெயிலில் கிடந்தால் பிசுபிசுத்துப் போகுமாம். ஹைபலான் என்று ஒரு ரப்பர் துணி, வெயிலுக்கும் உப்புக்கும் அசையாதாம்.

சொன்னால் நம்பிவிடுவதா? இரண்டிலும் ஒரு துண்டு அனுப்பச் சொன்னேன். கோடை முழுக்க மொட்டை மாடியில், வடகத்துக்குப் பக்கத்தில் காயப் போட்டேன். கருவேல முள்ளை வைத்துக் கீறினேன். ஹைபலான் பாஸ்!

அடுத்து, தரை. அலுமினியத் தரை போட்டால் ஸ்பீடாகப் போகும் என்று அடம்பிடித்தார் கணவர். “தூக்கிச் சுமக்குறது யாரு?” என்றேன். காற்றடைக்கும் தரையே போதும் என்று முடிவானது. கடைசியாக, நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத விஷயம் — படகைச் சுற்றிக் காற்று அடைக்கும் குழாய், தனித்தனியாக மூன்று அறைகளாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்ற இரண்டு தாங்குமே!

படகு வீட்டுக்கு வந்ததும் கேலியும் வந்தது. கணவரின் பெரியப்பா மகன் சுந்தரம் அத்தான், ஒரு கல்யாணப் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். “ஏலே, கடலே இல்லாத ஊர்ல படகு வாங்குன மொத ஆளு நீதாம்லே!” பந்தியே சிரித்தது. நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மழை. இரவெல்லாம் கொட்டித் தீர்த்து, காலையில் ஓய்ந்தபோது சுந்தரம் அத்தானிடமிருந்து போன். குரலில் கேலி இல்லை.

“முருகேசா, அந்தப் படகு வீட்லதான கெடக்கு? ஒடனே எடுத்துட்டு வாலே.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புப் போகிற வழியில் அவருக்கு மாந்தோப்பு இருக்கிறது. பக்கத்துக் கண்மாய் நிரம்பி, தண்ணீர் தோப்புக்குள் ஏறிவிட்டது. காவலுக்கு இருந்த கருப்பசாமியும் அவர் மனைவி மாரியம்மாளும் மோட்டார் ரூம் கூரைமேல் நிற்கிறார்கள். தீயணைப்பு வண்டி வேறொரு ஊருக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும். தண்ணீரோ ஏறிக்கொண்டே இருக்கிறது.

மடித்திருந்த டிங்கியைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு பறந்தோம். தண்ணீர் ஓரத்தில் வைத்து, சுந்தரம் அத்தானும் கணவரும் மாறி மாறிக் கால்பம்பை மிதித்துக் காற்றடைத்தார்கள்.

“நீ கரையில நில்லு” என்றார் கணவர்.

“நீங்க துடுப்பு போடுங்க, நான் முன்னால இருந்து வழி பாக்கேன். கரையில நின்னு பாத்ததெல்லாம் போதும்!”

ஏறிவிட்டேன். தேங்கிய தண்ணீர்தான், இழுப்பு இல்லை. ஆனால் அடியில் மூழ்கிக் கிடந்த கருவேல முட்புதர்கள். கீச்... கீச்... என்று கீறும் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உயிர் போய் வந்தது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை!

கூரையில் இருந்த இருவரையும் படகில் இறக்கினோம். மாரியம்மாள் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. திரும்பும்போதுதான், தண்ணீருக்குள் மறைந்திருந்த வேலிக் கம்பி இடது பக்கத்தைக் கிழித்தது. ‘சர்ர்ர்’ரென்று குமிழிகள். அந்தப் பக்கம் தொய்ந்து இறங்கியது.

“ஐயோ, முங்கப் போவுதே!” என்று அலறினாள் மாரியம்மாள்.

“முங்காது! இன்னும் ரெண்டு அறை இருக்கு. எல்லாரும் வலது பக்கம் நகருங்க!” — இது என் குரல்தானா? நேவிக்காரரே மறுபேச்சில்லாமல் நகர்ந்தார்!

படகு சாய்ந்தது, தள்ளாடியது... ஆனால் மிதந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்த சுந்தரம் அத்தான், கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார்.

“தாயி, இனிமே ஒங்க படகப் பத்தி வாயே தெறக்க மாட்டேன்” என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

நல்ல பொருள் என்றால் ஓட்டையே விழாது என்று நினைத்திருந்தேன். இல்லை. ஓட்டை விழுந்த பிறகும் கரை சேர்க்கிறதே, அதுதான் நல்ல பொருள். மனுஷருக்கும் இது பொருந்தும் என்றுதான் தோன்றுகிறது.

மாரியம்மாள் படகைத் தடவிப் பார்த்தாள். “இது எங்க போற படகு, அக்கா?”

“கடலுக்கு.”

“நான் கடலப் பாத்ததே இல்ல.”

அப்புறம் என்ன? கிழிந்த இடத்தை ஒட்டி, காற்று இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த ஞாயிறே அவர்கள் இருவரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனோம். டிங்கி எங்களைப் பாய்மரப் படகில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாய் விரிந்ததும் மாரியம்மாள் எழுந்து நின்று, “யப்பா... எம்புட்டுத் தண்ணி!” என்று கைதட்டினாள்.

நான்? படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். படகைத்தான் சோதித்து வாங்கினேன்... வயிற்றைச் சோதிக்க மறந்துவிட்டேனே!