தேத்தண்ணிக் கலர் டயல்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு மாப்பிள்ளையின் வாட்ச் என் மேசைக்கு வந்தது. அது மேசையை விட்டுப் போவதற்குள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

கண்டி டவுனில், விலைகூடிய பழைய வாட்ச்களை வாங்கி விற்கிற கடை எங்களுடையது. நான் கம்பஸில் பௌதிகம் படித்துவிட்டு நாவலப்பிட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். முதலாளி நிஸாம் வாட்ச் திருத்துவார். ஒரிஜினலா, ரெப்ளிகாவா, பாதி மாற்றியதா என்று தீர்ப்புச் சொல்வது நான்.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு ஒன்று. செக்கன் முள் வழுக்கிக்கொண்டு ஓடினால் ஒரிஜினல் என்று வீடியோவில் சொல்வார்கள். ரெப்ளிகா செய்கிறவனும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். பாரம், பெட்டி, கார்ட் எல்லாம் போலியில் இன்னும் ஸ்டைலாக வருகிறது. பின்மூடியைத் திறக்காமல் வாயைத் திறக்காதீர்கள். மூடியைத் திறந்த பிறகு வாயை எப்படித் திறப்பது? அதை நான் அந்த வெள்ளிக்கிழமை படித்தேன்.

சவர்க்காரக் கட்டி

வந்தது இரண்டு பேர். மாப்பிள்ளை அஸ்லம், வாயில்லாப் பிள்ளை. கூட வந்தது அவருடைய வாப்பாவின் அண்ணன். கட்டாரில் இருந்துவிட்டு வந்தவர், ஆகவே சகலமும் அறிந்தவர். அஸ்லம் அவரைப் பெரிய வாப்பா என்றார்.

"முதலாளி இல்லையா மகள்?"

"இருக்காரு. வாட்ச் பாக்குறது நான்தான்."

"அப்ப சரி. பொண்ணூட்டுல மாப்பிள்ளைக்குத் தந்த வாட்ச். செயின்ல ரெண்டு கண்ணி கழட்டோணும். அப்படியே ஒரிஜினலா என்டும் செல்லுங்க. எனக்குத் தெரியும், சும்மா கேக்கிறேன்."

மூடியைக் கழற்றினேன். மெஷின் அசல் சுவிஸ், எண்ணெய் வாசத்தோடு அருமையாக ஓடியது. வெளிக்கூடான கேஸும் அசல்தான். ஆனால் யாரோ பொலிஷ் போட்டே கொன்றிருந்தார்கள். கூராக இருக்கவேண்டிய விளிம்பெல்லாம் பாவித்த சவர்க்காரக் கட்டி மாதிரி உருண்டிருந்தது. டயலை லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறு.

"மெஷின் ஒரிஜினல். கேஸும் ஒரிஜினல். டயல் மட்டும் டூப்ளிகேட்டுங்க, யாரோ மாத்தியிருக்காங்க."

பெரிய வாப்பா ஏற்கனவே பெண்ணின் வாப்பாவுக்கு எடுத்துப் போனைக் காதில் வைத்திருந்தார். "ஹாஜியார், கடையில செல்லிட்டாங்க. டூப்ளிகேட்டாம்."

"டயல் மட்டும்னு சொன்னேங்க."

"மனிசனுக்கு முகம்தானே மகள் முக்கியம்?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினார். "டூப்ளிகேட் வாட்ச் தார ஊட்டுல இன்னும் என்னென்ன டூப்ளிகேட்டோ. ஞாயித்துக்கிழமைய ஒருக்கா யோசிக்கோணும்."

அஸ்லத்தின் முகம் வாடியது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலையும் ஞாயிற்றுக்கிழமையோடு முடியும் போலிருந்தது.

பட்டன் டப்பா

பெண்ணின் வாப்பா தெல்தெனியவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஹாஜியார். சாரத்தில் சீமெந்துத் தூசியோடு வந்து இறங்கினார். சலாம் சொன்னார், கதிரையில் உட்கார்ந்தார், பெரிய வாப்பா பக்கம் திரும்பவேயில்லை.

"மகள், அது நான் ஜித்தாவுல வேலை செஞ்ச காலத்துல வாங்கினது. என்ட கையில கட்டின வாட்ச். அது எப்பிடி டூப்ளிகேட்?"

"வாட்ச் நல்லதுங்க ஹாஜியார். டயலை ஏன் மாத்துனீங்க?"

"மாப்பிள்ளைக்குப் பழசக் குடுக்கேலுமா? முகமெல்லாம் தேத்தண்ணிக் கலர் ஆகி ஈந்துச்சி. கடுகண்ணாவையில ஒரு ஆள்ட்ட குடுத்துப் புது டயல் போட்டேன். பொலிஷும் ரெண்டு தரம் அடிச்சேன். பளபளன்டு ஈக்கட்டும் என்டு."

முதலாளி சொந்தத்தில் மவுத்துச் செய்தி கேட்டவர் போலக் கண்ணை மூடினார்.

"அந்தத் தேத்தண்ணிக் கலருக்குத்தாங்க ஆளுங்க கூடக் காசு குடுக்குறாங்க" என்றேன்.

"பழசுக்கா?"

"பழசுக்குத்தான்."

"அப்ப என்ட கடையில துருப்புடிச்ச தகரம் நெறைய ஈக்கி. அதுக்கும் ஆள் வருவாங்களா?"

"பழைய டயல் எங்கங்க?"

ஹாஜியார் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவருடைய மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "அதுவா, பட்டன் டப்பாவுல ஈக்கி. மகள்ட சட்டைக்குத் தைக்கலாம் என்டுதான் எடுத்து வெச்சேன். ரெண்டு ஓட்டையில ஒண்டு சதுரமா ஈந்துச்சி. விட்டுட்டேன்."

அந்தச் சதுர ஓட்டை திகதி தெரிகிற ஜன்னல். அதுதான் டயலைக் காப்பாற்றியது.

ஹாஜியாரின் லொறி டிரைவர் டப்பாவோடு வந்து சேரும்வரை எல்லோரும் பிளேன்டீ குடித்தோம். பட்டன்களைக் கொட்டி டயலைப் பொறுக்கியெடுத்து, லென்ஸில் பார்த்தேன். எழுத்தின் ஓரம் கத்தி மாதிரிக் கூராக நின்றது. முதலாளி முள்ளைக் கழற்றி அதை மாட்டினார். நான் வாட்சைச் சின்ன வெல்வெட் மெத்தையில் வைத்து நீட்டி, இந்தமுறை ஒரே வசனத்தில் முடித்தேன்.

"இப்ப முழு வாட்சும் ஒரிஜினல்."

பெரிய வாப்பா குனிந்து பார்த்தார். "இதப் பாத்தாத்தான் கள்ள வாட்ச் மாதிரி ஈக்கி. முந்தினதே நல்லம். சபையில நாலு பேர் பாக்க வாணாமா?"

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். இனி எந்த லென்ஸாலும் என்னால் உதவ முடியாது. அப்போதுதான் அஸ்லம் கையை நீட்டினார்.

"மாமா, இது நீங்க கட்டின அதே வாட்ச்தானே?"

"ஓம் மகன்."

"அப்ப இப்பிடியே தாங்க. பளபளன்டு ஈந்தா பெரிய வாப்பா இரவல் கேப்பார். பிறகு திரும்பி வராது."

முதலாளி இருமுவதாகக் காட்டிக்கொண்டு உள்ளே போனார். ஹாஜியார் சிரித்தார், தோள் குலுங்கச் சீமெந்து உதிர்ந்தது. மாப்பிள்ளையின் கையில் தானே வாட்சைக் கட்டிவிட்டார். "ஞாயித்துக்கிழமை நேரத்தோட வாங்க" என்றார், முதல்தடவையாகப் பெரிய வாப்பாவையும் பார்த்து.

தொளதொளத்த செயினில் நான் இரண்டு கண்ணி கழற்றிக் கொடுத்தேன். போகும்போது பெரிய வாப்பா தன் கையிலிருந்த தங்கநிற வாட்சைச் சட்டைக் கையால் மெதுவாக மூடிக்கொண்டார். கட்டாரில் வாங்கியதாக இருக்கும். அதையும் திறந்து பார்க்கவா என்று நான் கூப்பிடவில்லை.

இப்போது யார் கேட்டாலும் மாற்றியதை முதலில் சொல்லி, அசலைக் கடைசியில் சொல்கிறேன். ஆட்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் போனில் சொல்வார்கள். கேட்காத வாட்சை நான் பார்ப்பதே இல்லை.