மாவடிப்பள்ளியில் நான் போட்ட படம்

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு மாவடிப்பள்ளிக்குப் போனேன். கூப்பிட்டவள் கல்முனைக்குடியில் இருக்கும் என் தோழி ரிஸ்னா. அங்கே ஓர் அரிசி ஆலை உமியை எரித்து நெல் அவிக்கிறது. புகையைப் பற்றி அயலவர்கள் முறையிட்டபோது, அளந்த கணக்கு இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்களாம். காற்றில் கலந்திருக்கும் நுண்துகள்களை அளக்கும் கருவி ஒன்றை ரிஸ்னா ஒரே ஒரு நாளுக்கு இரவல் வாங்கியிருந்தாள். “நீயும் வா, எழுதலாம்” என்றாள்.

கண்டியில் இரவு பத்து மணிக்கு பஸ் ஏறினால் விடியற்காலை நாலரைக்குக் கல்முனை. அங்கே காத்திருந்த ரிஸ்னாவோடு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். எட்டுக் கிலோமீற்றர், எண்ணூறு ரூபாய்.

ஆலைக்குப் பின்வீடு நயீமா ராத்தாவுடையது. ராத்தா என்றால் இந்தப் பக்கத்தில் அக்கா. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையைக் கையால் தட்டிக் காட்டினார்; கரி பறந்தது. உள்ளே அவருடைய மகள் இருமிக்கொண்டிருந்தாள்.

“புகை வந்தா இவளுக்கு முட்டு இழுக்கும் புள்ள. மெசின எங்கட ஊட்டுல வெச்சதெண்டு ஆருக்கும் சொல்லிராதீங்க. இவளுட வாப்பாவும் அந்த மில்லுலதான் வேல.”

“ஓம் ராத்தா, சொல்ல மாட்டம்” என்றாள் ரிஸ்னா. நானும் தலையாட்டினேன்.

கருவியைக் கிணற்றுக் கட்டில் வைத்தோம். புகை இறங்க இறங்க எண்கள் ஏறின. எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. கிணறு, கருவி, பின்னால் புகைபோக்கி, மேலே விடியல் சிவப்பு. அழகாக வந்தது படம். ஊர்ப்பெயரையும் சேர்த்து முகநூலில் போட்டேன். யாருக்கும் ‘சொல்லவில்லை’ என்றுதான் நினைத்தேன்.

பத்து மணிபோலப் புகை நின்றது. எண்களும் இறங்கின. “மெசின் பழுதோ?” என்று ரிஸ்னா குனிந்து பார்த்தாள். அப்போது ராத்தாவின் கணவர், சாப்பாட்டுப் பையோடு, வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தார்.

“அடுப்ப அணைச்சிட்டாங்க. நம்மட கிணறு எல்லார்ர போன்லயும் சுத்துது. நாளைக்கி வர வேணாமாம்.”

“நான்தான் போட்டேன்” என்றேன். முதலாளியிடம் போய்ப் பேசவா என்று கேட்டேன்.

“வேணாம் தங்கச்சி. நீங்க போய்க் கதைச்சா இன்னும் மோசமாகும்” என்றார் ராத்தாவின் கணவர்.

ராத்தா ஏசவில்லை. எங்களுக்கென்று மீன் ஆணம், அதாவது குழம்பு, ஏற்கெனவே ஆக்கியிருந்தார். பரிமாறினார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன். படத்தை அழித்தேன். அதற்குள் எத்தனை பேரோ பகிர்ந்திருந்தார்கள்.

மாவடிப்பள்ளி போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வயல் நடுவே போகும் வீதி அப்போது அழகு. அறுவடைக் காலமென்றால் முகக்கவசம் எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் வீட்டு முற்றத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். போடும் முன் இன்னொரு தடவை கேளுங்கள்.

போன கிழமை ரிஸ்னா அழைத்தாள். கருவியை மறுபடி வாங்கி, அதே வீட்டில் முழு நாளும் அளந்து, கணக்கைக் கொடுத்தாயிற்றாம். ராத்தாவின் கணவர் இப்போது வயல் கூலிக்குப் போகிறாராம்.

“ராத்தா எப்படிச் சம்மதித்தார்?”

“‘இனி ஒளிக்க என்ன இரிக்கி, முத்தத்துக்கு நடுவுல வைங்க’ எண்டாங்க.” என்றாள் ரிஸ்னா. “‘அந்தப் படம் புடிக்கிற புள்ளய மட்டும் கூட்டி வராதீங்க’ எண்டும் சொன்னாங்க.”

ஓம் என்றேன்.